கரையை உயர்த்தினால் மட்டும் ஏரி பெரிதாகாது

சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை-தேர்வாய்கண்டிகை ஆகிய ஐந்து நீர்த்தேக்கங்களின் மொத்தக் கொள்ளளவு 11,757 மில்லியன் கன அடி. நாளொன்றுக்கு 1,000 மில்லியன் லிட்டர் வீதம் எடுத்தால், மாதத்துக்கு ஆயிரம் மில்லியன் கன அடிக்கு, அதாவது ஒரு டி.எம்.சி.க்குச் சற்று அதிகமாகச் செலவாகும். ஐந்தும் கலங்கல் தொட நிரம்பியிருந்து, ஒரு சொட்டுகூட ஆவியாகாமல் இருந்தாலும் இந்த இருப்பு பதினோரு மாதங்களுக்குத்தான் வரும். வடகிழக்குப் பருவமழை ஓராண்டு பொய்த்தால் அடுத்த கோடையைக் கடக்க நீர்த்தேக்கங்களை மட்டும் நம்ப முடியாது என்பதே இந்தக் கணக்கின் பொருள்.

அதனால்தான் கோடை வந்தால் ஒரு பேச்சும், வெள்ளம் வந்தால் அதே பேச்சும் எழுகிறது. பூண்டியின் உயரத்தைக் கூட்ட வேண்டும், ஏரிகளை ஆழப்படுத்த வேண்டும், புதிய நீர்த்தேக்கங்கள் கட்ட வேண்டும் என்கிறார்கள். 2025-26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், திருப்போரூர் அருகே கோவளம் உபவடிநிலப் பகுதியில் 1.6 டி.எம்.சி. கொள்ளளவில் ரூ.350 கோடி மதிப்பீட்டில் புதிய நீர்த்தேக்கம் அமைக்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது.

நகரம் வளரும்போது நீர்த்தேக்கமும் வளரத்தான் வேண்டும். அதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், கரையை எவ்வளவு உயர்த்தினாலும் அதற்குள் வந்து சேரும் நீர் கரைக்கு வெளியே, வெகு தொலைவில் இருக்கும் ஓடைகளாலும் ஏரிகளாலும் வயல்களாலும் தீர்மானிக்கப்படுகிறது. அந்தப் பரப்பைக் கைவிட்டுவிட்டுக் கொள்ளளவை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை என்பதைச் சென்னையின் 150 ஆண்டு நீர் வரலாறு திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது.

ஏழு கிணறு முதல் புழல் வரை

1639-இல் தோன்றிய மதராஸ் நெடுங்காலம் கிணற்று நீரிலேயே வாழ்ந்தது. 1772-இல் ஜார்ஜ் டவுனில் வெட்டப்பட்ட ஏழு கிணறுகளிலிருந்து கோட்டைக்குத் தண்ணீர் போனது. ஒரு தெருவின் பெயராக இன்றும் அது நிலைத்திருக்கிறது.

ஆற்று நீரை நகருக்குக் கொண்டுவரும் திட்டத்தை 1866-இல் வகுத்தவர் பொறியாளர் வில்லியம் ஃபிரேசர். கொசஸ்தலையாற்றின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் ஓர் அணைக்கட்டு. அங்கிருந்து சோழவரம் ஏரிக்கு ஒரு கால்வாய். சோழவரத்திலிருந்து புழலுக்கு இன்னொரு கால்வாய். புழலிலிருந்து கீழ்ப்பாக்கம் வரை திறந்த மண்கால்வாய். எந்த இயந்திரமும் இல்லாமல் நிலத்தின் சரிவிலேயே நீர் ஓடிவரும் ஏற்பாடு. 1872-இல் இது நடைமுறைக்கு வந்தது. கிராமத்து ஏரிகளாக இருந்த சோழவரமும் புழலும் கரை உயர்த்தப்பட்டு நகரத்தின் நீர்த்தேக்கங்களாயின. ஏரியைப் பெரிதாக்கி நகருக்கு நீர் கொடுப்பது என்ற பழக்கம் சென்னைக்கு அன்றே தொடங்கிவிட்டது.

திறந்த கால்வாயில் வந்த நீரால் நோய் பரவியது. அதன் பிறகுதான் பொறியாளர் ஜே.டபிள்யூ.மேட்லி திட்டமிட்டபடி கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் கட்டப்பட்டு 1914-இல் செயல்பாட்டுக்கு வந்தன. அந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் 1961-இல் நகரின் மக்கள்தொகை 6.6 லட்சமாக இருக்கும் என்று கணக்கிட்டிருந்தார்கள். 1941 கணக்கெடுப்பிலேயே நகரின் மக்கள்தொகை 7.7 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 1961-இல் அது 17 லட்சத்துக்கும் மேல். அன்றைய வல்லுநர்களை இதற்காகக் குறை சொல்வது நியாயமல்ல. ஆனால் நகரின் தாகம் எந்தத் திட்ட அறிக்கையையும் முந்திக்கொண்டு ஓடும் என்ற பாடம் அன்றே கிடைத்தது. இன்று ஒரு நீர்த்தேக்கம் கட்டி முப்பது ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்று யாராவது சொன்னால் அந்தப் பழைய கணக்கை அவருக்கு நினைவூட்ட வேண்டும்.

போர்க்காலத்தில் எழுந்த அணை

சென்னைக்கென்றே ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட முதல் பெரிய நீர்த்தேக்கம் பூண்டி. 1939-இல் நகர மேயராகத் தீரர் சத்தியமூர்த்தி பதவியேற்றபோது நகரம் கடும் தண்ணீர்த் தட்டுப்பாட்டில் இருந்தது. இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்ட நேரம். அரசின் பணமும் கவனமும் போர்முனையில் இருந்தன. அந்த நிலையிலும் ஆங்கிலேய அரசை இணங்கச் செய்து, 1940 ஆகஸ்டில் அடிக்கல் நாட்ட வைத்தார். நகருக்கு மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் கொசஸ்தலையாற்றைத் தடுத்து எழுந்த அந்த அணை 1944 ஜூனில் திறக்கப்பட்டது. சத்தியமூர்த்தி 1943 மார்ச்சிலேயே மறைந்துவிட்டார். அவருடைய சீடரான காமராஜர் அந்த நீர்த்தேக்கத்துக்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர் விளங்கச் செய்தார்.

ஒரு மேயர் ஓராண்டு பதவிக்காலத்தில் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தமிழக உள்ளாட்சி வரலாற்றில் அரிது. ஆனால் பூண்டியின் கதையில் நாம் அதிகம் பேசாத ஒரு பக்கமும் உண்டு. நீர்த்தேக்கம் நிரம்பியபோது தேவாரப் பாடல் பெற்ற திருவெண்பாக்கம் தலம் நீருக்குள் போனது. பார்வை இழந்து வந்த சுந்தரருக்கு இறைவன் ஊன்றுகோல் கொடுத்ததாக மரபு சொல்லும் ஊன்றீஸ்வரர் கோயில் அது. கோயிலைப் பெயர்த்தெடுத்துப் பூண்டியில் மீண்டும் கட்டினார்கள். இறைவனுக்கு மாற்று இடம் கிடைத்தது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. வயலையும் வீட்டையும் இழந்த குடும்பங்களின் கதை எங்கும் பெரிதாக எழுதப்படவில்லை.

தொடக்கத்தில் பூண்டியின் கொள்ளளவு 2,573 மில்லியன் கன அடி. பின்னர் நீர்மட்டம் உயர்த்தப்பட்டு இன்று 3,231 மில்லியன் கன அடியாக இருக்கிறது. புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, சோழவரம் 1,081 என்று மற்ற ஏரிகளும் இன்றைய அளவை எட்டியுள்ளன. பூண்டிக்குப் பிறகு சென்னைக்கெனப் புதிய நீர்த்தேக்கம் ஒன்று அமைய 76 ஆண்டுகள் ஆயின. கும்மிடிப்பூண்டி வட்டத்தில் இரண்டு ஏரிகளை இணைத்துச் சுமார் ரூ.380 கோடி செலவில் உருவான கண்ணன்கோட்டை-தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. இன்றைய தேவைக்கு அது சுமார் பதினான்கு நாள் தண்ணீர்.

உயர்ந்த கரைகளும் வராத நீரும்

ஏரிகளின் கொள்ளளவைக் கூட்டியதற்கு முக்கியக் காரணம் கிருஷ்ணா நதிநீர். 1976-இல் மகாராஷ்டிரமும் கர்நாடகமும் ஆந்திரமும் ஆளுக்கு 5 டி.எம்.சி. வீதம் சென்னைக்குத் தர ஒப்புக்கொண்டன. 1983-இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் முதல்வர்களாக இருந்தபோது தெலுங்கு-கங்கைத் திட்ட ஒப்பந்தம் கையெழுத்தானது. 15 டி.எம்.சி.யில் 3 டி.எம்.சி. ஆவியாதலுக்கும் கசிவுக்கும் என்று கழித்து, எல்லையில் 12 டி.எம்.சி. தர வேண்டும் என்பது ஏற்பாடு. ஸ்ரீசைலம், சோமசீலா, கண்டலேறு வழியாக நீண்ட பயணம் செய்து 1996-இல் கிருஷ்ணா நீர் பூண்டிக்கு வந்தது. வழியில் மண்கரை சரிந்தும் கசிந்தும் நீர் வீணாகியது. புட்டபர்த்தி சத்ய சாய் அறக்கட்டளையின் பொருளுதவியால் கண்டலேறு-பூண்டி கால்வாய் சீரமைக்கப்பட்ட பிறகே வரத்து மேம்பட்டது.

ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட 12 டி.எம்.சி. முழுமையாக வந்து சேர்வது அரிதாகவே இருக்கிறது. கண்டலேற்றில் இருப்பு குறைந்தால் திறப்பு நிற்கும்; ஆந்திர விவசாயிகளின் தேவை முன்னுக்கு வந்தால் வரத்து குறையும். ஒரே ஆண்டில் இரு மாநிலங்களிலும் வறட்சி வந்தால் கால்வாய் காய்ந்து கிடக்கும். பிறர் நீரை நம்பி உயர்த்திய கரைக்குள் அவர்கள் தரும்போது மட்டுமே நீர் இருக்கும். ஒப்பந்த நீரைக் கேட்டுப் பெறுவது தமிழகத்தின் உரிமை. அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நீரை முதல் ஆதாரமாக வைத்துக்கொண்டு சொந்த ஆற்றைப் புறக்கணித்ததுதான் நாம் செய்த பிழை.

வீராணமும் இதே வகைதான். சோழர் காலத்தில் வெட்டப்பட்ட, கடலூர் மாவட்டத்தில் பல்லாயிரம் ஏக்கருக்குப் பாசனம் தரும் அந்த ஏரியிலிருந்து 2004 முதல் 200 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவைக் குழாயில் கடந்து நாளொன்றுக்கு 180 மில்லியன் லிட்டர் சென்னைக்கு வருகிறது. வீராணத்துக்கு நீர் வருவது காவிரியிலிருந்து, கொள்ளிடத்தின் கீழணை வழியாக. மேட்டூரில் நீர் இல்லையென்றால் சென்னைக் குழாயிலும் அது தெரியும்.

ஒரே ஏரியில் வெள்ளமும் வறட்சியும்

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அந்த அளவில் ஒரு நாள் முழுக்க ஓடினால் சுமார் 2.5 டி.எம்.சி. ஆகும், அதாவது ஏரியின் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கு. அடையாற்றின் இரு கரைகளிலும் வாழ்ந்தவர்கள் அன்று பட்ட துயரத்தை இந்த நகரம் மறக்கவில்லை. நீர் திறப்பில் நடந்த குறைகளை 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை சுட்டிக்காட்டியது.

அந்த வெள்ளத்துக்குப் பின் நான்கு ஆண்டுகள்கூட முழுதாகக் கடக்கவில்லை. 2019 ஜூனில் அதே செம்பரம்பாக்கத்தின் தரை வெடித்துக் கிடந்தது. அன்றிருந்த நான்கு ஏரிகளிலும் சேர்த்து மொத்தக் கொள்ளளவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான நீரே இருந்தது. கல்குவாரிக் குட்டை நீரைச் சுத்திகரித்துக் கொடுத்தார்கள். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்தது. உணவகங்கள் நேரத்தைக் குறைத்தன. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதாகச் செய்திகள் வந்தன. டேங்கர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடிய பெண்கள் எந்த அலுவலகத்துக்கும் விடுப்பு சொல்ல முடியாதவர்கள்.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்ப்பவர்கள், வெள்ள நீரைச் சேமித்திருந்தால் வறட்சி வந்திருக்காதே, ஆகவே ஏரியைப் பெரிதாக்குவோம் என்கிறார்கள். பாதி சரி. மீதிப் பாதியையும் பார்க்க வேண்டும். குடிநீர் ஏரியை எப்போதும் நிரப்பி வைத்திருக்க வேண்டும் என்று குடிநீர்த் தேவை சொல்லும். நவம்பர் இறுதியில் அதில் காலியிடம் விட்டுவைக்க வேண்டும் என்று வெள்ளப் பாதுகாப்பு சொல்லும். ஒரே ஏரியிடம் இரண்டையும் கேட்கும்போது ஷட்டர் அருகே நிற்கும் பொறியாளர் எந்த முடிவு எடுத்தாலும் ஒரு பக்கம் தவறாகிவிடும். கரையை இரண்டு அடி உயர்த்துவதால் இந்தச் சிக்கல் தீராது. மேலே உள்ள நூற்றுக்கணக்கான ஏரிகள் ஆளுக்குக் கொஞ்சம் நீரைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல இறக்கினால்தான் தீரும்.

இன்னொரு உண்மையும் உண்டு. நம் ஏரிகள் ஆழமற்றவை. செம்பரம்பாக்கத்தின் முழு நீர்மட்டம் 24 அடி. பரப்போ சுமார் 25 சதுர கிலோமீட்டர். சமவெளியில் நீர்மட்டத்தை உயர்த்தினால் பெரும்பாலும் நீர் பக்கவாட்டில் பரவும். பரப்பு கூடினால் வெயில் குடிக்கும் பங்கும் கூடும். சமவெளியின் ஏரிக்கு ஆழம் தூர்வாருவதால்தான் கிடைக்கும். அதற்கு மேலே மண்ணரிப்பைத் தடுக்காவிட்டால் தூர்வாரியதும் சில ஆண்டுகளில் வீணாகும்.

நீர் வரும் பாதை

கொசஸ்தலையாற்றின் கதையை அறிந்தால் இது விளங்கும். பாலாற்றின் அணைக்கட்டிலிருந்து வரும் நீரால் காவேரிப்பாக்கம் பேரேரி நிரம்புகிறது. அதன் உபரி கொசஸ்தலையாற்றில் சேர்கிறது. கேசாவரம் அணைக்கட்டில் கூவமும் கொசஸ்தலையும் பிரிகின்றன. ஆந்திரத்தின் நகரி மலைப் பகுதியில் பெய்யும் மழை நகரியாறாக வந்து பூண்டிக்கு மேலே கலக்கிறது. கூவத்தின் நீர் கொரட்டூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு கால்வாய் வழியே செம்பரம்பாக்கம் போகிறது. பூண்டியின் நீர் இணைப்புக் கால்வாய் வழியே மற்ற ஏரிகளுக்குச் செல்கிறது. ஓர் ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்கு வழியும் சங்கிலி இது. பல்லவரும் சோழரும் தொடங்கிய பின்னல் வேலையை ஆங்கிலேயரும் நம் பொறியாளர்களும் நீட்டித்திருக்கிறார்கள்.

இந்தச் சங்கிலியின் கண்ணிகள் இன்று ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. பாலாறு ஆண்டில் பெரும்பாலான நாள்கள் மணலாகவே கிடக்கிறது. கொசஸ்தலையாற்றின் துணையாறுகளின் குறுக்கே ஆந்திரம் புதிய நீர்த்தேக்கங்கள் கட்டத் திட்டமிட்டபோது தமிழக முதல்வர் 2022-இல் ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. எல்லைக்கு அப்பால் நடப்பதைத் தட்டிக்கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். எல்லைக்கு இப்பால் நடப்பதை யார் கேட்பது? திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதியில் தொழிற்பேட்டைகள் எழுந்தபோது எத்தனை வரத்துக் கால்வாய்கள் மண் மூடிப்போயின? சாலைகள் அகலமானபோது எத்தனை மதகுகள் அடைபட்டன? மனைப் பிரிவுகளின் வரைபடத்தில் ஓடை இருந்த இடம் எங்கே போயிற்று? பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் உள்ளிட்ட ஊர் மக்கள் 2022 முதல் போராடி வருகிறார்கள். ஏரிகளும் கம்பன் கால்வாயும் பாதிக்கப்படும் என்பது அவர்கள் முன்வைக்கும் முக்கியக் காரணம். பல ஏரிகளை நிரப்பித் திருப்பெரும்புதூர் வரை வரும் அந்தக் கால்வாயின் நலம் செம்பரம்பாக்கத்தின் நலத்தோடு பிணைந்தது. விமான நிலையம் வேண்டுமா, வேண்டாமா என்பதை முடிவு செய்பவர்கள் அதைச் சென்னையின் குடிநீர்க் கேள்வியாகவும் பார்த்தாக வேண்டும்.

நல்ல முன்னுதாரணம் ஒன்று நம்மிடமே இருக்கிறது. சென்னைப் பெருநகரத் திட்டத்தில் புழல் நீர்பிடிப்புப் பகுதி என்று கிராமங்கள் வரையறுக்கப்பட்டு அங்கே பெரிய கட்டுமானங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தக் கேட்கும் குரல்கள் எப்போதும் உண்டு. அரசு அதற்குச் செவிகொடுக்கக் கூடாது. பூண்டிக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் சோழவரத்துக்கும் கண்ணன்கோட்டைக்கும் அதே வலிமையுள்ள பாதுகாப்பைத் தர வேண்டும்.

நீர் கொடுத்த ஊர்களுக்கு நாம் என்ன கொடுத்தோம்?

சென்னை குடிக்கும் ஒவ்வொரு ஏரி நீரும் ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் நெல்வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் மூன்றுக்கும் ஆயக்கட்டு இருந்தது. முறை வைத்து மடை திறந்த விவசாயிகள் இருந்தார்கள். நகரம் வளர வளர ஆயக்கட்டு சுருங்கியது. 1960-களின் இறுதியிலிருந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்து ஆரணியாறு-கொசஸ்தலையாறு படுகையின் நிலத்தடி நீரையும் நகரத்துக்கு எடுத்தோம். மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் உள்ளே புகுந்தது. நல்ல தண்ணீர் ஊறிய கிணறுகள் உப்பாயின. அதே மீஞ்சூரில்தான் 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் சென்னையின் முதல் பெரிய ஆலை எழுந்தது.

திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்கள் நகரத்துக்கு இத்தனை காலமாகத் தண்ணீர் கொடுத்திருக்கின்றன. அதற்குக் கைம்மாறாக அந்த ஊர்களின் ஏரிக்கரைகளைப் பராமரிக்க நகரம் தன் தண்ணீர்க் கட்டணத்திலிருந்து ஒரு பங்கைக் கொடுப்பதில்லை. கொடுத்தால் என்ன? நீர்பிடிப்பில் இருக்கும் ஊராட்சி ஒன்று தன் வரத்துக் கால்வாயைச் சுத்தமாக வைத்திருந்தால் அதன் பலன் நகரத்துக்கும் வருகிறது. அந்த உழைப்புக்கு விலை கொடுப்பதே நேர்மை. கொடுக்காதபோது, ஏரி நிலத்தை மனையாக விற்பதுதான் அந்த ஊருக்கு லாபமாகத் தெரியும். யாரைக் குற்றம் சொல்வது?

உலக அனுபவம்

நியூயார்க் நகரம் இந்தக் கேள்விக்கு 1997-இல் ஒரு விடை கண்டது. அந்நகரின் குடிநீரில் பெரும்பங்கு கேட்ஸ்கில், டெலவேர் மலைப்பகுதி நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது. அந்த நீரை வடிகட்டப் பல நூறு கோடி டாலர் செலவில் ஆலை கட்ட வேண்டிய நெருக்கடி வந்தபோது, நகரம் நீர்பிடிப்புப் பகுதி ஊர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டது. விற்க விரும்புவோரிடம் மட்டும் நிலம் வாங்குவது, ஊர்களின் கழிவுநீர் அமைப்புகளைச் சீராக்க நகரமே பணம் தருவது, விவசாயிகள் மாசு குறைக்கும் முறைக்கு மாற உதவுவது என்பவை அதில் அடங்கும். அந்த மலைநீருக்கு இன்றுவரை வடிகட்டும் ஆலை தேவைப்படவில்லை.

ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவின் காட்டர் அணை, அணையைப் பெரிதாக்குவதற்கே எடுத்துக்காட்டு. 1915-இல் கட்டி முடிக்கப்பட்டு, 1951-இல் உயர்த்தப்பட்டது. நீண்ட வறட்சிக்குப் பிறகு 2013-இல் அதைவிட மிகப் பெரிய புதிய அணை முடிந்து, சுமார் 4 பில்லியன் லிட்டராக இருந்த கொள்ளளவு 78 பில்லியன் லிட்டரானது. நம் கணக்கில் அது 2.75 டி.எம்.சி. செலவு முதல் மதிப்பீட்டைவிட இரு மடங்குக்கு மேல் போனது. நீர்மட்டம் உயர்ந்தால் தங்குமிடம் இழக்கும் அரிய மீன் இனத்துக்காகக் கற்களைப் பல கிலோமீட்டர் நீளத்துக்கு அடுக்கி மறைவிடம் அமைத்துக் கொடுத்தார்கள். இந்த விரிவாக்கத்துக்கு முன்பே அந்நகரம் ஒரு பாடம் கற்றிருந்தது. 2003 ஜனவரிக் காட்டுத்தீயில் நீர்பிடிப்புக் காடுகள் எரிந்தன. அடுத்த மழையில் சாம்பலும் மண்ணும் நீர்த்தேக்கங்களுக்குள் வந்து நீர் கலங்கியது. சுத்திகரிப்புக்குப் புதிய ஏற்பாடுகள் செய்த பிறகே அந்த நீரை நம்ப முடிந்தது. அணை எவ்வளவு உறுதியாக இருந்தாலும், மேலே உள்ள மண் சரியில்லையென்றால் தண்ணீர் குடிக்க உதவாது.

கோவளமும் கடல்நீர் ஆலைகளும்

கோவளம் நீர்த்தேக்கத்துக்கு வருவோம். மழைக்காலத்தில் கடலுக்குப் போகும் வெள்ளத்தைத் தேக்குவது என்ற எண்ணத்தைப் பழிக்க முடியாது. தென்சென்னைக்குத் தண்ணீர்த் தேவை மிகுதி என்பதும் உண்மை. ஆனால் அந்த இடம் உப்பும் நன்னீரும் பருவத்துக்குப் பருவம் கலந்து வாழும் கழிவெளி. இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளரும் நாற்றங்கால் அது. அதை நம்பி மீனவர்களும் இருளர்களும் வாழ்கிறார்கள். உவர்ப்பு நிலத்தில் தேக்கும் நன்னீர் எவ்வளவு காலம் நன்னீராக இருக்கும், முகத்துவாரத்துக்கு நீர் குறைந்தால் கடல் என்ன செய்யும் என்ற கேள்விகளுக்கு முழு ஆய்வையும் தமிழில் பொதுவெளியில் வைத்துவிட்டுத்தான் அரசு மேலே போக வேண்டும். அவசரமாகக் கட்டிவிட்டுப் பின்னர் வருந்தும் நிலை நகரத்துக்கும் வேண்டாம், அந்த மக்களுக்கும் வேண்டாம்.

கடல்நீர் ஆலைகள் இருக்கும்போது ஏரிகளைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்று சிலர் கேட்கிறார்கள். மீஞ்சூரில் 100, நெம்மேலியில் 100, 2024-இல் திறக்கப்பட்ட நெம்மேலி இரண்டாவது ஆலையில் 150 என்று நாளொன்றுக்கு 350 மில்லியன் லிட்டர் தயாரிக்கும் திறன் இருக்கிறது. பேரூரில் 400 மில்லியன் லிட்டர் ஆலை கட்டப்படுகிறது. வறட்சி ஆண்டில் இவை நகரத்துக்குக் கை கொடுக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த நீருக்கு மின்சாரம் அதிகம் வேண்டும். உப்புக் கழிவு மீண்டும் கடலுக்கே போகிறது. அந்த ஆலைகள் எவ்வளவு பெரிதானாலும் திருவள்ளூர் விவசாயியின் கிணறு ஊறாது; அடையாற்றின் வெள்ளம் குறையாது. ஏரி செய்யும் வேலைகளில் ஒன்றைத்தான் அவை செய்கின்றன.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஐந்து நீர்த்தேக்கங்களிலும் வண்டல் எவ்வளவு படிந்திருக்கிறது என்பதைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் அளந்து மக்களுக்கு வெளியிட வேண்டும். பூண்டியிலேயே நீரியல், நீர்நிலையியல் ஆய்வு நிறுவனத்தை அரசு வைத்திருக்கிறது. அதன் அளவீடுகள் கோப்புக்குள் இருக்கக் கூடாது. பலகையில் எழுதிய கொள்ளளவுக்கும் உண்மையான கொள்ளளவுக்கும் எவ்வளவு வேறுபாடு என்று தெரியாமல் புதிய திட்டத்துக்குக் கணக்குப் போட முடியாது.

இரண்டாவதாக, புதிய நீர்த்தேக்கத்துக்கு ஒதுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஈடாக, கொசஸ்தலையாறு, ஆரணியாறு, கூவம், அடையாறு படுகைகளின் மேல்பகுதி ஏரிகளைத் தூர்வாரவும் கலங்கலையும் மதகையும் சீர்செய்யவும் நிதி ஒதுக்க வேண்டும். ஏரியின் நடுவில் தோண்டி வண்டலை விற்றுவிட்டு, வரத்துக் கால்வாயைத் தொடாமல் விடுவது தூர்வாருதல் ஆகாது.

மூன்றாவதாக, நீர்பிடிப்பு முழுவதற்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டும். வரத்துக் கால்வாய்களை வருவாய்த் துறையின் பதிவேடுகளைக் கொண்டு அளந்து, எல்லைக்கல் நட்டு, அதன் வரைபடத்தை அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் வைக்க வேண்டும். தொழிற்சாலைக்கு அனுமதி தரும் ஒவ்வொரு கோப்பிலும் அந்த வரைபடம் இணைக்கப்பட வேண்டும்.

நான்காவதாக, சென்னைக் குடிநீர் வாரியம் வசூலிக்கும் கட்டணத்தில் ஒரு நிலையான பங்கை நீர்பிடிப்பு ஊராட்சிகளுக்குத் தர வேண்டும். நீர்த்தேக்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்களுக்கே முதலில் குழாயில் குடிநீர் கிடைக்க வேண்டும்.

ஐந்தாவதாக, தொழிற்சாலைகளுக்கு நன்னீர் கொடுப்பதைப் படிப்படியாக நிறுத்த வேண்டும். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை மறுசுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குத் தரும், நாளொன்றுக்குத் தலா 45 மில்லியன் லிட்டர் திறன் கொண்ட ஆலைகள் செயல்படுகின்றன. அந்த வழியை மற்ற இடங்களுக்கும் விரித்தால் ஒரு கரையும் உயர்த்தாமல் ஏரிநீரின் ஒரு பங்கை மிச்சப்படுத்தலாம்.

இவற்றைச் செய்துகொண்டே பூண்டியை உயர்த்துங்கள். தேவையென்றால் புதிய நீர்த்தேக்கமும் கட்டுங்கள். நிலம் இழப்பவர்களுக்கு நியாயமான ஈடும் மறுவாழ்வும் கொடுத்துக் கட்டுங்கள். இவற்றைச் செய்யாமல் உயர்த்தினால் நாம் உயர்த்துவது வெறும் மண்ணாக மட்டுமே இருக்கும்.

போருக்கு நடுவிலும் ஒரு மேயர் நகரத்துக்காக அணை கேட்டுப் பெற்றார். இன்று மேயரும் மாமன்ற உறுப்பினர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் அதே உறுதியோடு அந்த அணைக்கு நீர் வரும் நிலத்தைக் காக்கும் சட்டத்தைக் கேட்க வேண்டும். வாக்குக் கேட்டு வருபவர்களிடம் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று கேட்கும் வாசகர்கள், செம்பரம்பாக்கத்துக்கும் பூண்டிக்கும் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்களை எப்போது மீட்பீர்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.